எட்டு மாச முதுகு வலி

— தனியாவா?

— என்ன தனியாவா? அந்தக் கத்தரியை இந்தப் பக்கம் தள்ளுங்க.

— சோபாவை. தனியாவா தூக்கினே?

— எந்தச் சோபாவை?

— பியானோ டீச்சரோட சோபாவை. ரெண்டாவது மாடிக்கு. லிஃப்ட் இல்லாத வீட்டுக்கு.

— யாரு சொன்னா?

— டீச்சரேதான். நீ பின்னாடி துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தப்ப போன் பண்ணினாங்க. “உங்க மனைவி மாதிரி ஒரு ஆளை நான் பார்த்ததே இல்ல சார். முதுகுல வாரைக் கட்டிக்கிட்டு, சோபாவை மூட்டை மாதிரி தூக்கிக்கிட்டு, நடுவுல நிக்காமக்கூட ஏறி வந்துட்டாங்க”ன்னாங்க. நான் “அப்படியாங்க”ன்னேன். வேற என்ன சொல்றது?

— நல்லா இருக்கே கதை! அந்தம்மாவுக்கு சோபா வந்துச்சா, உக்காந்தமான்னு இருக்க முடியாதா?

— அதாவது, தூக்கினது நிஜம்.

— காலைக் கழட்டிட்டேன். குஷனை எல்லாம் தனியா எடுத்துட்டேன். வெறும் கட்டைதான். கனமே இல்ல.

— அந்தக் கட்டைக்குப் புதுச் சட்டம் போட்டது நான். கனம் எனக்குத் தெரியாதா? நேத்து காலையில வண்டியில ஏத்தினப்ப, “ஐயோ அம்மா, இடுப்பு”ன்னு ஒரு பக்கம் ரெண்டு விரலை வச்சுக்கிட்டு நின்னே. முழுசாத் தூக்கி ஏத்தினது நானு.

— வண்டிக்காரர் தெருவுலயே இறக்கி வச்சுட்டு, அடுத்த லோடு இருக்குன்னு பறந்துட்டாரு. மழை தூற ஆரம்பிச்சிடுச்சு. வெளிர் நீலத் துணி. ஒரு சொட்டு விழுந்தா திட்டுத் திட்டாக் கறை நிக்கும். நான் என்ன பண்றது? சோபாவுக்குக் குடை பிடிக்கறதா?

— எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்.

— பண்ணியிருக்கலாம்தான். தோணலை.

— இடுப்பு பெல்ட் போட்டிருந்தியா?

— போட்டிருந்தேன். அதாவது... பையில இருந்துச்சு.

— ‘அதாவது’ என்னோட வார்த்தை. நீ சொல்லாதே. சொன்னா நீ புளுகறேன்னு அர்த்தம்.

— அவசரத்துல வலி தெரியலைங்க. வீடு தீப்பிடிச்சா நடக்க முடியாதவங்களே எந்திரிச்சு ஓடறதில்லையா, அது மாதிரிதான். இப்போ எதுக்கு ஷட்டரைப் பாதி இறக்கியிருக்கீங்க? மணி மூணுகூட ஆகலையே.

— வெயில் துணி மேல அடிக்குது. பேச்சை மாத்தாதே.

— மாத்தலை. டென்டிஸ்ட்டோட நாற்காலியை நாளைக்குள்ள முடிக்கணும், அதைச் சொல்றேன். இந்தப் பழைய ஸ்டேப்பிள் எல்லாம் துருப்பிடிச்சு வரவே மாட்டேங்குது. எந்தப் புண்ணியவான் அடிச்சானோ, இஞ்சுக்கு ஒம்போது அடிச்சிருக்கான்.

— அந்த நாற்காலியைத் தலைகீழா யாரு கவிழ்த்தா?

— நீங்கதான்.

— நான் இல்ல.

— அப்படின்னா... அதுவே கவிழ்ந்திருக்கும்.

— சரி. ஸ்டேப்பிள் பிடுங்கறதை நிறுத்து. இந்த ஸ்டூல்ல உக்காரு.

— உக்காந்தா முதுகு...

— ஏய்.

— சரி, உக்காந்துட்டேன். கேளுங்க, நீதிபதி ஐயா.

— எட்டு மாசம். எட்டு மாசமா குனிஞ்சு ஒரு நூல்கண்டு எடுக்க மாட்டே. சைக்கிள் உனக்கு உசுரு. அதைத் தூக்கி அக்கா பொண்ணுக்குக் குடுத்துட்டே. ஹாஸ்டல்லேந்து நம்ம பொண்ணு அவளோட காசைச் சேர்த்து உனக்குன்னு ஒரு தலையணை அனுப்பினா. மாடி வீட்டு நர்ஸம்மா சனிக்கிழமை தவறாம வந்து, தரையில படுக்க வச்சு உன்னைப் பூனை மாதிரி முதுகை வளைக்கச் சொல்றாங்க. நீயும் “ஆ... ஊ...”ன்னுக்கிட்டு வளைக்கறே. அதே ஆளு நேத்து ஒரு சோபாவோட ரெண்டு மாடி ஏறியிருக்கா. இதுக்கு நீயே ஒரு பேரு வை.

— கோவமா இருக்கீங்களா?

— இல்ல.

— மூஞ்சி ஏன் அப்படி இருக்கு?

— எப்படி இருக்கு?

— சிரிக்கற மாதிரியும் இருக்கு, அழற மாதிரியும் இருக்கு. எனக்கு பயமா இருக்குங்க. உங்க மூஞ்சியைப் படிச்சுப் படிச்சே ரெண்டு வருஷம் ஓட்டிட்டேன். காலையில கண்ணைத் தொறந்ததும் முதல்ல அதைத்தான் பார்ப்பேன். இன்னைக்கு நல்ல நாளா, கெட்ட நாளான்னு. இந்த மூஞ்சியை மட்டும் எனக்குப் படிக்கத் தெரியலை.

— நல்ல நாள்தான். பயப்படாதே. உண்மையைச் சொல்லு.

— முதுகு வலி இல்ல.

— எப்போலேந்து இல்ல?

— எப்பவுமே இல்ல.

— சரி.

— ‘சரி’ன்னு ஒத்தை வார்த்தையில சொல்லிட்டா எப்படி? திட்டுங்களேன். கத்துங்களேன். அந்த ஸ்டேப்ளரைத் தூக்கிப் போட்டு உடைங்க... வேண்டாம், அது நல்ல ஸ்டேப்ளர். வேற எதையாவது உடைங்க.

— எதுக்காகச் சொன்னே?

— உங்களுக்குத் தெரியாதா?

— எனக்குத் தெரிஞ்சது இருக்கட்டும். உன் வாயால கேக்கணும்.

— அந்த சனிக்கிழமை ஞாபகம் இருக்கா? உங்களுக்கு உடம்பு தேறிக்கிட்டு வந்த சமயம். அதுக்கு முன்னாடி ஒரு வருஷம் கத்தரியைக் கையில பிடிச்சுக்கிட்டு, துணி முன்னாடி மணிக்கணக்கா நிப்பீங்க. வெட்ட மாட்டீங்க. எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியலைம்பீங்க. இருபது வருஷமா வெட்டற கை. குளிக்கறதுக்குக்கூட நான் கெஞ்சணும். அப்புறம் டாக்டரம்மா மாத்திரை குடுத்தாங்க. மெல்ல மெல்லத் தூக்கம் வந்துச்சு, பசி வந்துச்சு. ஒரு நாள் வானொலியில வந்த பாட்டுக்குத் தாளம்கூடப் போட்டீங்க. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். என் ஆளு திரும்பி வந்துட்டாருன்னு நினைச்சேன்.

— எல்லாம் வந்துச்சு. அது மட்டும் வரலை.

— அது வரலைன்னா என்னங்க? நான் கேட்டேனா? நீங்களாத்தான் சனிக்கிழமை சனிக்கிழமை பரீட்சைக்குப் போற பையன் மாதிரி மூஞ்சியை வச்சுக்கிட்டு வருவீங்க. வேர்த்து வழியும். என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டே எங்கயோ பார்த்துக்கிட்டு இருப்பீங்க. முடியலைன்னதும் அப்படியே உடைஞ்சு போயிடுவீங்க. அன்னைக்கு பாத்ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டீங்க. முக்கால் மணி நேரம். தண்ணி விழற சத்தம்கூட இல்ல. நான் கதவுக்கு வெளிய தரையில உக்காந்திருந்தேன்.

— அங்கேயா உக்காந்திருந்தே?

— பின்ன எங்க? தாழ்ப்பாளையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். திறக்குமா, நான் உடைக்கணுமான்னு. நீங்க திறக்கற சத்தம் கேட்டதும் ஓடிப் போய்க் கட்டில்ல படுத்துக்கிட்டேன். வெளிய வந்து என்ன சொன்னீங்க?

— வேண்டாம், விடு.

— “நான் உனக்கு எதுக்கு ஆவேன்? நீ வேற யாரையாவது நல்ல ஆளாப் பார்த்துக்கிட்டுப் போயிடு. நான் இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்”ன்னீங்க. எனக்கு ஈரக்குலையே நடுங்கிப் போச்சு. ‘வேற ஆளைப் பாரு’ன்னது கூடப் பரவாயில்ல, எவனைப் பார்த்து நான் என்ன செய்யப் போறேன்? அந்த ‘இல்லாட்டியும் ஒண்ணுதான்’... அதுதான். அன்னைக்கு ராத்திரி பூரா உங்க சட்டை நுனியைப் பிடிச்சுக்கிட்டே படுத்திருந்தேன். எந்திரிச்சீங்கன்னா எனக்குத் தெரியணும்ல.

— எனக்கு அது தெரியாது.

— காலையில இதே இடத்துல நூல்கண்டு கீழ விழுந்துச்சு. குனிஞ்சேன். குனிஞ்ச வாக்குல உங்க மூஞ்சியைப் பார்த்தேன். அடுத்த சனிக்கிழமையை நினைச்சு இப்பவே செத்துப் போன மாதிரி இருந்துச்சு. “ஐயோ, முதுகு”ன்னு வாயில வந்துடுச்சு. சத்தியமா நான் யோசிச்சு வச்சுச் சொல்லலைங்க. வாயே சொல்லிடுச்சு.

— நான் ஓடி வந்தேன்.

— ஓடி வந்தீங்க! ஒரு வருஷத்துல முதல் தடவையா ஓடினீங்க! சட்டையை மாத்தினீங்க, தலை சீவினீங்க, “வா, டாக்டர்கிட்ட போகலாம்”ன்னீங்க. அதுவரைக்கும் உங்களை நான் இழுத்துக்கிட்டுப் போவேன். அன்னைக்கு நீங்க என்னைக் கூட்டிக்கிட்டுப் போறீங்க! அதைப் பார்த்த பிறகு வலி போயிடுச்சுன்னு சொல்ல எனக்கு மனசு வரலை. சனிக்கிழமைப் பரீட்சையும் ரத்து. ஒரே கல்லுல ரெண்டு மாங்கா.

— ஒரு வாரத்துக்குச் சொல்லியிருக்கலாம். எட்டு மாசமா?

— ஒரு வாரத்துக்குத்தான் நினைச்சேன். நர்ஸம்மா உள்ள வந்து அதை ஒரு பெரிய வைத்தியம் ஆக்கிட்டாங்க. அப்புறம் பொண்ணு தலையணை அனுப்பிட்டா. தலையணை வந்த பிறகு எப்படிங்க பின்வாங்கறது?

— ஏய், யாரோ ஷட்டரைத் தட்டறாங்க.

— ஐயோ! இன்னைக்கு சனிக்கிழமை. நர்ஸம்மா! பெல்ட் எங்க? என் பெல்ட்டைப் பார்த்தீங்களா?

— நாற்காலி மேல கிடக்கு. இந்தா. அது தலைகீழு. திருப்பு, திருப்பு.

— என்ன சார், பட்டப்பகல்ல கடையைப் பாதி சாத்திட்டீங்க? உடம்பு கிடம்பு சரியில்லையா?

— வாங்க நர்ஸம்மா. வெயிலுக்காக இறக்கினேன். குனிஞ்சு வாங்க, தலை.

— எனக்கென்ன, நான் நல்லாக் குனிவேன். குனிய முடியாதது உங்க வீட்டம்மாதான். எப்படிக் கண்ணு இருக்கு முதுகு? மூஞ்சி ஏன் செவந்து கிடக்கு? அழுதியா? வலியா?

— அது வந்துங்க நர்ஸம்மா...

— நேத்து மறுபடியும் பிடிச்சுக்கிச்சுங்க.

— பார்த்தீங்களா சார்! நான் சொன்னேன்ல, முழுசாக் குணமாகற வரைக்கும் கனமா எதையும் தூக்கக் கூடாதுன்னு. எதைத் தூக்கித் தொலைச்சா?

— தலையணையைத்தான்.

— தலையணைக்கே பிடிச்சுக்கிச்சா? அப்போ இன்னைக்குப் பயிற்சி வேண்டாம் கண்ணு. ரெண்டு நாள் ஓய்வு, சரியா? சார், தைலம் தேய்க்கறீங்கல்ல?

— தினமும் தேய்க்கறேன்.

— தேய்ப்பீங்க, தெரியும். எங்க வீட்டு ஆளு தைல பாட்டிலை என் கையில குடுத்துட்டு டிவி பார்க்கப் போயிடுவாரு. நீ குடுத்து வச்சவ கண்ணு. அப்புறம் ஒண்ணு, நர்ஸுங்கற முறையில சொல்றேன், ரெண்டு பேரும் தப்பா எடுத்துக்கக் கூடாது. முதுகு வலின்னு புருஷன் பொண்டாட்டி ஒரேயடியா விலகி இருக்கணும்னு இல்ல. ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டு, மெதுவா, அவசரப்படாம இருந்தா ஒண்ணும் ஆகாது, சரியா? நிறைய பேரு கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு வருஷக்கணக்கா இருந்துடறாங்க. நானாச் சொல்லிட்டேன். எதுக்கு சார் இருமறீங்க?

— பஞ்சு தூசிங்க.

— மூக்குல துணியைக் கட்டிக்கிட்டு வேலை செய்யுங்க. நான் வரேன். எந்திரிக்காதே, எந்திரிக்காதே கண்ணு. உக்காரு.

— போயிட்டாங்களா?

— படி ஏறிட்டாங்க.

— “தலையணையைத் தூக்கினா”வாம்! ஏங்க, உங்களுக்கு இப்படிப் புளுக வருமா? இருபத்திரெண்டு வருஷமா என்கிட்ட மறைச்சு வச்சிருந்தீங்களே இந்தத் திறமையை!

— உன்கூட இருந்து கத்துக்கிட்டதுதான்.

— ஐயோ, வயிறு வலிக்குது சிரிச்சு. “ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டு, மெதுவா”... நான் தரைக்குள்ள புதைஞ்சுடலாம் போல இருந்துச்சு.

— நல்ல ஆலோசனைதான்.

— என்னது?

— ஒண்ணும் இல்ல. சைக்கிளை எதுக்குக் குடுத்தே? அதைச் சொல்லு.

— முதுகு வலிக்காரி சைக்கிள் மிதிச்சா நம்புவீங்களா? குடுத்த அன்னைக்குப் பின்கட்டுல போய் அழுதேன். சரி, சைக்கிள்தானே, நீங்க இருக்கீங்களேன்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டு வந்தேன்.

— உனக்கு அது வேணும்னு இருந்ததா?

— சைக்கிளா?

— சைக்கிள் இல்ல.

— ம்.

— இந்த எட்டு மாசத்துல, அதுக்கு முன்னாடி ஒரு வருஷத்துல. நீ ஒரு வார்த்தை கேட்டதில்ல. நான் என்ன நினைச்சேன்னா, அவளுக்கும் விட்டுப் போச்சு போல, இப்போ நான் அவளுக்கு ஒரு நோயாளி, அவ்வளவுதான்னு நினைச்சேன். குளிப்பாட்டி விட்டவளுக்கு ஆசை எங்கேந்து வரும்?

— நல்லா இருக்கே கதை! நான் என்ன மரக்கட்டையா? எனக்கு நாப்பத்தாறு வயசுதாங்க ஆகுது. வேணும்னு இருந்துச்சு. நல்லாவே இருந்துச்சு. கேட்டா உங்களுக்கு வலிக்கும்னுதான் கேக்கலை. சில நாள் எனக்கு உங்க மேல கோவமாக்கூட வந்துச்சு தெரியுமா? பக்கத்துலயே படுத்திருக்கீங்க, மூச்சு கழுத்துல படுது, ஆனா நீங்க அங்க இல்ல. நோயைத் திட்ட முடியாது, அதுக்குக் காது கிடையாது. உங்களைத் திட்டினா பாவம். அதனால சமையல்கட்டுல பாத்திரத்தை எல்லாம் டமார் டமார்னு போட்டேன்.

— பாத்திரச் சத்தம் கேட்டுச்சு. நான் வேற எதுக்கோன்னு நினைச்சேன்.

— இன்னும் ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. நீங்க தைலம் தேய்ப்பீங்களே, தினமும் படுக்கப் போறதுக்கு முன்னாடி... அது எனக்கு... தலையணையைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருப்பேன். நீங்க “ரொம்ப வலிக்குதா?”ன்னு கேப்பீங்க. நான் “ஆமா, ஆமா, இன்னும் கொஞ்சம் கீழ”ம்பேன். வெக்கமா இருக்குங்க. பொய் சொல்லி வாங்கின தேய்ப்பு அது. ஆனா நாள் பூரா அதுக்காகக் காத்துக்கிட்டு இருப்பேன்.

— சிரிக்கலையே நான்.

— கண்ணு சிரிக்குது.

— கண்ணு கலங்குது. உனக்கு வித்தியாசம் தெரியலை.

— அழாதீங்க. நீங்க அழுதா எனக்கு மறுபடியும் பயமா இருக்கும். இதோ பாருங்க, நான் ஒண்ணு சொல்லிடறேன், தீந்துச்சு. இனிமே பொய் கிடையாது, பெல்ட் கிடையாது. ஆனா பரீட்சையும் கிடையாது. உங்களுக்கு எப்போ முடியுதோ முடியட்டும். முடியவே இல்லைன்னாலும் சரி. என் ஆளு காலையில எந்திரிச்சுத் துணி வெட்டறாரு, பாட்டுக்குத் தாளம் போடறாரு, நர்ஸம்மாகிட்ட புளுகறாரு. எனக்கு அது போதும். நான் எங்கயும் போறதா இல்ல.

— நானும் ஒண்ணு சொல்லணும்.

— சொல்லுங்க.

— மூணு மாசத்துக்கு முன்னாடி மாத்திரையை நிறுத்திட்டேன்.

— என்னது!

— கத்தாதே. இப்போ சாப்பிடறேன். பதினோரு நாள் நிறுத்தினேன், உனக்குத் தெரியாம. தினமும் காலையில வாயில போட்டுக்கிட்டு, நீ அந்தப் பக்கம் திரும்பினதும் துப்பிடுவேன். அது போனதுக்கு மாத்திரைதான் காரணம், நிறுத்தினா வந்துடும்னு யாரோ பேசிக்கிட்டதைக் கேட்டேன்.

— பதினோரு நாளா? ஜிப் விக்கறவரை அடிக்கப் போனீங்களே, அந்த வாரமா? தலை சுத்துதுன்னு கட்டிங் மேசையைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்களே?

— அதேதான். அது வரலை. பழைய இருட்டுதான் வந்துச்சு, வேகமா. பன்னிரண்டாவது நாள் பயந்து போய் நானே டாக்டரம்மாகிட்ட போனேன்.

— தனியாவா போனீங்க?

— தனியாத்தான். உன்கிட்ட நூல் வாங்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனேன். வாயால சொல்ல வரலை. அந்தம்மாவுக்கு நம்ம பொண்ணைவிட ஏழெட்டு வயசுதான் கூட இருக்கும். பையில நம்ம கடைத் துணி சாம்பிள் ஒட்டின அட்டை இருந்துச்சு. அதுக்குப் பின்னாடி எழுதிக் குடுத்தேன்.

— என்ன எழுதினீங்க?

— “தூங்க முடியுது. சாப்பிட முடியுது. வேலை செய்ய முடியுது. மனைவியோட மட்டும் முடியலை. நான் ஆம்பளையா இல்லையா?”

— அட, சாமி. என் ராசா... அந்தம்மா சிரிக்கலையே?

— சிரிக்கலை. பேனாவைக் கீழ வச்சுட்டு என்னைப் பார்த்தாங்க. “எப்போலேந்து?”ன்னு கேட்டாங்க. நோய் வந்தப்பவே ஆசை போயிடுச்சு, மாத்திரைக்குப் பிறகு ஆசை லேசாத் தலை காட்டுது, உடம்பு கேக்க மாட்டேங்குதுன்னேன். “இது மனச்சோர்வு உள்ளவங்களுக்கு ரொம்ப சகஜம்ங்க. நோயும் இதைச் செய்யும், சில மாத்திரையும் செய்யும். உங்க ஆம்பளைத்தனத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. முதல் நாளே நான் கேட்டிருக்கணும், கேக்காம விட்டது என் தப்பு”ன்னாங்க.

— அந்தம்மாவே அப்படிச் சொன்னாங்களா?

— சொன்னாங்க. எனக்கு நெஞ்சுல கிடந்த பாரம் பாதி அங்கேயே இறங்கிடுச்சு. அப்புறம், நீங்களா எதையும் நிறுத்தக் கூடாதுன்னு நல்லாத் திட்டினாங்க. ரத்தம் கொஞ்சம் எடுத்துப் பார்த்தாங்க, சர்க்கரை கிர்க்கரை இல்லைன்னாங்க. கொஞ்சம் கொஞ்சமா மாத்திரையை மாத்திக் குடுத்தாங்க. இந்த மாத்திரையில உங்களுக்கு எப்படி இருக்குன்னு பொறுத்துத்தான் பார்க்கணும், இது ஒத்து வரலைன்னா வேற வழி இருக்கு, அடுத்த தடவை வீட்டம்மாவையும் கூட்டிக்கிட்டு வாங்கன்னாங்க.

— நான் வரேன். கட்டாயம் வரேன். ஏங்க என்கிட்ட மறைச்சீங்க?

— உன்கிட்ட ஆசை காட்டிட்டு, அப்புறம் ஒண்ணும் இல்லைன்னு ஆயிட்டா?

— போங்க நீங்க. ரெண்டு பேரும் நல்லா ஜோடி சேர்ந்தோம். ஒருத்தர் மாத்திரையைத் துப்பறது, ஒருத்தி இல்லாத வலிக்குத் தைலம் தேய்ச்சுக்கறது. நல்லவேளை, டீச்சரம்மா போன் பண்ணினாங்க. இல்லைன்னா இன்னும் எட்டு வருஷம் இப்படியே ஓட்டியிருப்போம். இன்னைக்குத்தான் உங்களுக்கு விஷயமே தெரிஞ்சுது.

— இன்னைக்குத் தெரியலை.

— பின்ன?

— முதல் நாள் ராத்திரியே தெரியும்.

— எது?

— உனக்கு முதுகு வலி இல்லைங்கறது. நான் பஞ்சையும் ஃபோமையும் தடவித் தடவியே காலம் ஓட்டினவன். உறைக்கு மேல கையை வச்சே உள்ள கட்டி எங்க இருக்குன்னு சொல்லுவேன். அன்னைக்கு உன் முதுகு பூராத் தேடினேன். ஒரு இடத்துல இறுக்கம் இல்ல. நான் அழுத்தின இடம் ஒண்ணு, நீ “ஆ”ன்னு கத்தின இடம் ஒண்ணு.

— தெரிஞ்சுமா? தெரிஞ்சே எட்டு மாசமா தேய்ச்சீங்களா?

— எனக்கு அது வேணும்னு இருந்துச்சு. உன்னைத் தொட்டுக்கிட்டே இருக்கலாம், கடைசியில எதையும் செஞ்சு காட்ட வேண்டியதில்ல. தேய்ச்சு முடிச்சுட்டு நிம்மதியாத் தூங்கலாம். நீ எனக்காகத்தான் பொய் சொல்றேன்னு தெரியும். வாயைத் திறந்து கேட்டா அந்த நிம்மதி போயிடுமேன்னு கேக்கலை. நான்தான் உன்னைவிடப் பெரிய புளுகு மூட்டை.

— அடப்பாவி மனுஷா! அப்போ எல்லாம் தெரிஞ்சு வச்சுக்கிட்டு, எட்டு மாசம் கழிச்சு, வேலை தலைக்கு மேல கிடக்கறப்ப, கடையைப் பாதி சாத்திட்டு என்னை ஸ்டூல்ல உக்கார வச்சு எதுக்கு இவ்வளவு விசாரணை? இன்னைக்கு மட்டும் என்ன வந்துச்சு உங்களுக்கு?

— இன்னைக்கு உனக்கு முதுகு வலி இருக்கக் கூடாதுன்னு தோணுச்சு.